விடிவதற்குள் பழசாகும் செய்தி

புனேயை அடுத்த நிக்டியில் வாசலில் விழும் பேப்பரின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. செய்தி இப்போது ஓசி. அதைச் சேகரிக்கும் செலவு யார் தலையில்?

2020 ஏப்ரலில் நிக்டி வீட்டு வாசல்களுக்குப் பால் வந்தது. பேப்பர் வரவில்லை. கொரோனா ஊரடங்கின் நான்காவது வாரம் அது. ஏப்ரல் 18 அன்று மகாராஷ்டிர அரசு ஓர் உத்தரவு போட்டது. பத்திரிகைகளை அச்சடிக்கத் தடை இல்லை. வீடு வீடாகப் போடத்தான் தடை. சமைக்கலாம், பரிமாறக் கூடாது என்பது போன்ற உத்தரவு. பத்திரிகையாளர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. மூன்று நாளில் அரசு இறங்கி வந்தது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் வீட்டுக்குப் போடலாம் என்றது. ஆனால் நோய் கடுமையாக இருந்த மும்பை, புனே பெருநகரப் பகுதிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. நிக்டி புனே பெருநகரப் பகுதிக்குள் வருகிறது. ஜூன் 7-ம் தேதிதான் வீட்டு விநியோகத்துக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

ஏழு வாரம். பத்திரிகைத் தொழிலுக்கு அந்த ஏழு வாரம் ஒரு பரிசோதனை மாதிரி ஆகிவிட்டது. காலையில் பேப்பர் விரித்துக் காபி குடிக்காவிட்டால் பொழுது விடியாது என்று நினைத்திருந்தவர்கள், விடியத்தான் செய்கிறது என்று கண்டுகொண்டார்கள். பேப்பரின் முழுப் பக்கங்களும் பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. அனுப்பியவர் யார், அவருக்கு யார் அனுப்பினார் என்பது யாருக்கும் தெரியாது. பணமும் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், தைனிக் ஜாக்ரண் பத்திரிகையின் மின்பதிப்பைச் சில டெலிகிராம் சேனல்கள் இலவசமாகப் பரப்பியதற்கு எதிராக அதன் நிறுவனம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போய், அந்தச் சேனல்களை நிறுத்தவும் நடத்துபவர்களின் விவரத்தைத் தரவும் உத்தரவு வாங்கியது. சேனல்கள் மூடப்பட்டாலும் பழக்கம் மூடப்படவில்லை.

நிக்டியைத் தெரியாதவர்களுக்கு: புனே நகரிலிருந்து பழைய மும்பை நெடுஞ்சாலையில் வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் வரும் ஊர். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஓர் எல்லை. பக்தி-சக்தி சௌக்கில் சத்ரபதி சிவாஜியும் துறவி துகாராமும் சந்திக்கும் சிலை நிற்கிறது. 1972-ல் அமைக்கப்பட்ட புதுநகர் வளர்ச்சி ஆணையம் இங்கே செக்டர் செக்டராக மனை பிரித்து வீடு கட்டக் கொடுத்தது. மராத்தியில் 'பிராதிகரண்' என்றால் ஆணையம். அந்தப் பெயரே ஏரியாவுக்கு ஒட்டிக்கொண்டது. 2021-ல் அந்த ஆணையம் புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. பக்கத்து ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் செய்தார்கள். பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954 முதல் இருக்கிறது. டெல்கோ வந்தது. தேஹு ரோடில் ராணுவக் கிடங்குகள். இவற்றில் வேலை தேடி வந்தவர்களில் தமிழர்கள் கணிசம். மாநகராட்சியின் மக்கள்தொகை 2001-ல் 10 லட்சம். 2011-ல் 17 லட்சத்தைத் தாண்டியது. இப்படி வீங்கும் ஊரைப் பத்திரிகைகள் விரும்புவது இயல்பு. புது வீடு என்றால் புதுச் சந்தா, புதுக் கடை, புது விளம்பரம்.

தமிழ்ப் பேப்பர் படிப்பவர்களுக்கு இங்கே எப்போதுமே ஒரு நாள் தாமதம் இருந்தது. சென்னையிலிருந்து புனேக்கு ரயிலில் கிட்டத்தட்ட 20 மணி நேரம். ரயில் ஏறி வந்த தமிழ்ப் பேப்பர் கைக்குக் கிடைக்கும்போது தேதி பழசாகியிருக்கும். தினத்தந்திக்கு மும்பைப் பதிப்பு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. என்றாலும் திருநெல்வேலி, தர்மபுரி உள்ளூர்ச் செய்தி வேண்டும் என்றால் ஊரிலிருந்து கடிதமோ போனோ வர வேண்டும். இந்த வாசகருக்கு இண்டர்நெட் ஒரு நஷ்டத்தையும் கொண்டுவரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊர் மாரியம்மன் கோயில் கொடை இப்போது நிக்டி சமையலறையில் நேரலையாக ஓடுகிறது. ஒரு நாள் பழசான பேப்பருக்குக் காத்திருந்தவர், சென்னைவாசி படிக்கும் அதே நிமிடத்தில் அதே செய்தியைப் படிக்கிறார். பத்திரிகைகளின் சோகக் கதையில் இந்த மனிதரின் சந்தோஷத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பேப்பரின் கணக்கு

புனேயின் பெரிய மராத்தி நாளிதழ் சகாள். 1932 ஜனவரி 1-ம் தேதி நா.பி. பருளேகர் தொடங்கியது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர் அவர். தலையங்கத்தைவிடச் செய்திக்கு முதலிடம் தந்தார். திலகரின் கேசரி பிறந்த ஊரில் அது புதுமைதான். 1881-ல் தொடங்கிய கேசரி கருத்துக்காகப் படிக்கப்பட்ட பத்திரிகை. சகாள், நகரத்தில் நேற்று என்ன நடந்தது என்பதற்காகப் படிக்கப்பட்டது. 'சகாள்' என்றால் மராத்தியில் காலை. காலையில்தான் செய்தி வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத காலத்தில் வைத்த பெயர்.

விடியற்காலை இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் கட்டுகள் இறங்கும். ஏஜென்ட்டின் பையன்கள் இணைப்பிதழையும் துண்டு விளம்பரங்களையும் செருகி, சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் அடுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். வாசகர் தரும் நாலைந்து ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏஜென்ட்டுக்கும் பையனுக்கும் போய்விடும். மிச்சத்தில் காகித விலையே தேறாது. இந்தியாவில் பேப்பரின் விலை எப்போதும் அடக்க விலைக்குக் கீழேதான். 1994-ல் டைம்ஸ் ஆப் இந்தியா டெல்லியில் விலையை ரூ.1.50-க்கு இறக்கி ஒரு போரையே தொடங்கிவைத்தது. விற்பனையில் நஷ்டம் வரட்டும், எண்ணிக்கையைக் காட்டி விளம்பரதாரரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பதே கணக்கு. மற்றவர்களும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தார்கள். மாதக் கடைசியில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டால் வாசகருக்கும் கொஞ்சம் காசு திரும்பி வரும். மராத்தியில் 'ரத்தி' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

ஆக, பேப்பர் வாசகருக்கு விற்கப்பட்ட பொருள் அல்ல. வாசகர்தான் விளம்பரதாரருக்கு விற்கப்பட்டார். காலை ஆறு மணிக்கு, புனேயில் இத்தனை லட்சம் பேர் ஒரே பக்கத்தைப் பார்ப்பார்கள் என்ற உறுதியைத்தான் பத்திரிகைகள் விற்றன. அந்த உறுதி கையில் இருந்தவரை மாநகராட்சிக் கூட்டத்துக்கு ஒரு நிருபர், கோர்ட்டுக்கு ஒருவர், போலீஸ் கமிஷனர் ஆபீசுக்கு ஒருவர் என்று அனுப்ப முடிந்தது. அவர்கள் எழுதும் செய்திகளில் பாதியை யாரும் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. வரி விளம்பரம் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

முதலில் கரைந்தது அந்த வரி விளம்பரம்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகம். ஒரு படம் இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதே ஆண்டு ஹிந்து தன் வெப்சைட்டைத் தொடங்கியது. மறு ஆண்டு ரெடிஃப் வந்தது. பத்திரிகைகள் பெருமைக்காக இண்டர்நெட்டில் ஒரு கிளை வைத்தன. அச்சில் வந்ததை அப்படியே, இலவசமாக, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்காகப் போட்டன. அந்த 'இலவசம்' எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பத்து ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1999 நவம்பரில் சத்யம் இன்ஃபோவே, ராஜேஷ் ஜெயினின் இந்தியாவேர்ல்டை ரூ.499 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தபோது நாடே வாயைப் பிளந்தது. அந்த நிறுவனத்தின் சமாச்சார் என்ற தளம் செய்த வேலை மற்ற பத்திரிகைகளின் தலைப்புகளைத் திரட்டித் தருவது. செய்தி எழுதுபவர் ஒருவர், அதை வைத்து வாசகரைக் கூட்டுபவர் இன்னொருவர் என்ற பிரிவினையின் முதல் இந்திய அடையாளம் அது. கூகுள் நியூஸ் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

1997-ல் சஞ்சீவ் பிக்சந்தானி நௌக்ரியைத் தொடங்கினார். போடுவதற்கு வேலை விளம்பரம் வேண்டுமே? பத்திரிகைகளை வாங்கி, அதில் வந்த விளம்பரங்களையே டைப் செய்து ஏற்றினார். பத்திரிகையின் வருமானம் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது. அதே ஆண்டு அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் தொடங்கினார். அதில் வரன் தேடும் பகுதிக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. பாரத்மேட்ரிமோனி அதிலிருந்து பிறந்தது. 2017-ல் அவரது நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் 'மணமகள் தேவை' பகுதியைச் சிவப்பு மையில் வட்டமிட்ட தலைமுறை மெல்ல ஒதுங்கியது. வீடு வாங்க விற்க 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ். பழைய பொருளுக்கு ஓ.எல்.எக்ஸ். நிக்டியில் வாடகைக்கு வீடு தேடும் இளம் எஞ்சினியர் பேப்பரின் வரி விளம்பரத்தை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் இந்தக் கதை வேகமாக நடந்து முடிந்தது. அங்கே பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005-ல் சுமார் 4,900 கோடி டாலர். 2020-ல் 1,000 கோடிக்கும் கீழே. இந்தியப் பத்திரிகை முதலாளிகள் அந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்து ரொம்ப நாள் நிம்மதியாகவே இருந்தார்கள். நமக்கு எழுத்தறிவு வளர்கிறது, மொழிப் பத்திரிகைகள் வளர்கின்றன, வீட்டுக்கே வந்து போடும் ஆள் இருக்கிறான், விலையும் ஒரு டீயைவிடக் குறைவு, இங்கே அது நடக்காது என்றார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது சரியாகவும் இருந்தது. 2000-க்குப் பிறகு புனேக்குப் புதுப் பேப்பர்கள் வந்தன. மகாராஷ்டிரா ஹெரால்டின் வாரிசாக 2008-ல் சகாள் டைம்ஸ் என்ற ஆங்கில நாளிதழ் கிளம்பியது. அதே சமயம் புனே மிரர், டி.என்.ஏ. என்று போட்டி.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா முதலில் இலவசம், பிறகு சல்லிசு. கம்ப்யூட்டர் வாங்காத வீட்டிலும் கையில் ஒரு திரை முளைத்தது. மொழிப் பத்திரிகைகளின் கோட்டை எனப்பட்ட சிற்றூர் வாசகரும் அந்தத் திரைக்குள் வந்துவிட்டார். 2019 அக்டோபரில் டி.என்.ஏ. தன் மும்பை, அகமதாபாத் அச்சுப் பதிப்புகளை நிறுத்தியது. 2020-ல் சகாள் டைம்ஸின் அச்சுப் பதிப்பு நின்றது. அந்த டிசம்பரில் புனே மிரரை நிறுத்துவதாகவும் மும்பை மிரரை வார இதழாக்குவதாகவும் டைம்ஸ் குழுமம் அறிவித்தது. தமிழ்நாட்டில் 1941 முதல் வந்த கல்கி அதே ஆண்டு அச்சை விட்டு இண்டர்நெட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஃபிக்கி-இ.ஒய். கணக்குப்படி இந்திய அச்சு ஊடகத்தின் மொத்த வருமானம் 2019-ல் ரூ.29,600 கோடி, 2020-ல் ரூ.19,000 கோடி. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போனது. பிறகு ஓரளவு மீண்டு ரூ.26,000 கோடியை நெருங்கியது. பழைய உயரத்தை எட்டவில்லை. 2024-ல் டிஜிட்டல் ஊடகம் டி.வி.யையும் முந்தி நாட்டின் மிகப் பெரிய ஊடகத் துறையானது.

தண்ணீர் எந்த நாள் வரும்?

2019 நவம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குடிநீர் என்று அறிவித்தது. பவனா அணையில் தண்ணீர் இருந்தது. வளர்ந்துவிட்ட ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு போதவில்லை. அன்று முதல் நிக்டியில் மிக முக்கியமான செய்தி டெல்லியிலிருந்து வருவதில்லை. நம் செக்டருக்கு இன்று முறையா நாளையா, வியாழக்கிழமை பராமரிப்பு வேலை என்று நிறுத்துவார்களா என்பதுதான் செய்தி. இதைக் காலைப் பேப்பருக்கு விட்டுவைக்க முடியாது. தகவல் மாலை ஆறு மணிக்கு வந்தால் ஆறேகாலுக்குச் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தைப் பிடித்தவை உள்ளூர் வெப்சைட்டுகள். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கென்றே எம்.பி.சி. நியூஸ் போன்ற மராத்திச் செய்தித் தளங்கள் இருக்கின்றன. பெரிய நாளிதழ்களின் புனேப் பதிப்பில் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கு ஓரிரு பக்கம் கிடைத்தால் பெரிது. இந்தத் தளங்களுக்கு அதுவே முழு உலகம். நெடுஞ்சாலை விபத்து, மெட்ரோ வேலைக்காகச் சாலை மாற்றம், பவனா அணையின் நீர்மட்டம், மாநகராட்சி டெண்டர், வார்டு அரசியல் எல்லாம் அங்கே உடனுக்குடன் உண்டு. இப்படித் தளம் நடத்த அச்சு இயந்திரம் வேண்டாம், காகிதம் வேண்டாம், ஏஜென்ட் கமிஷன் இல்லை. கையில் ஒரு செல்போனும் பைக்கும் இருக்கும் நாலைந்து நிருபர்கள் போதும். பருளேகர் சகாளில் செய்தது போல, நேற்று நகரில் என்ன நடந்தது என்று சொல்கிறார்கள். நேற்று என்பது இப்போது பத்து நிமிடத்துக்கு முன்பு என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் செலவு குறைந்ததைவிட வரவு அதிகமாகக் குறைந்துவிட்டது. நாளிதழில் கால் பக்க விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த நகைக்கடைக்காரர், கூகுள் வழியாக ஒரு வெப்சைட்டில் தோன்றும் சின்னக் கட்டத்துக்குக் கொடுப்பது ஒரு பார்வைக்குப் பைசா கணக்கு. அதிலும் இடைத்தரகு போக மிச்சம்தான் தளத்துக்கு. தவிர, நகைக்கடைக்காரருக்கு இப்போது செய்தித் தளமே தேவையில்லை. நிக்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், 25 முதல் 40 வயதுப் பெண்களுக்கு மட்டும் காட்டு என்று ஃபேஸ்புக்கிடமே நேரடியாகச் சொல்லிவிட முடிகிறது. இந்த வசதியை எந்தப் பேப்பரும் தந்ததில்லை, தரவும் முடியாது.

அப்படியானால் உள்ளூர்த் தளம் எதை வைத்துப் பிழைக்கிறது? இந்தியா முழுவதும் சிறு ஊர்த் தளங்களைப் புரட்டினால் விடை தெரியும். தலைவர் பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து, கல்லூரி அட்மிஷன், கட்டட கம்பெனியின் புதுத் திட்டம், அரசு விளம்பரம். வாழ்த்துச் சொல்பவர் கவுன்சிலராக விரும்புகிறவர். கட்டட கம்பெனி மாநகராட்சியிடம் அனுமதி கேட்டு நிற்கிறது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரே வாடிக்கையாளர். பெரிய பத்திரிகைக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஆனால் ஆயிரம் விளம்பரதாரர்கள் இருந்தால் ஒருவரைப் பகைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் மட்டும் இருந்தால் முடியாது.

பழைய காலம் பரிசுத்தம் என்று நினைக்க வேண்டாம். 2009 மகாராஷ்டிரச் சட்டசபைத் தேர்தலின்போது வேட்பாளர்கள் காசு கொடுத்துப் பாராட்டுக் கட்டுரைகளைச் செய்தியாகவே அச்சேற்றியதை ஹிந்துவில் பி. சாய்நாத் வெளிக்கொண்டுவந்தார். வெவ்வேறு பேப்பர்களில் வரி மாறாமல் ஒரே கட்டுரை. பிரஸ் கவுன்சில் துணைக்குழு போட்டு விசாரித்தது. அச்சு இயந்திரம் வைத்திருந்ததால் யாரும் யோக்கியராகிவிடவில்லை.

ஆனாலும் நிக்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷக் கவலை உண்டு. 2022 மார்ச்சில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது. ஒரு காலத்தில் ஆசியாவின் பணக்கார மாநகராட்சி என்று பேசப்பட்ட, ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி பட்ஜெட் போடும் அமைப்பு, அத்தனை நாளும் நிர்வாக அதிகாரி ஒருவரின் கையில். கேள்வி கேட்க மன்றக் கூட்டம் இல்லை. எந்த ரோட்டுக்கு எவ்வளவு, எந்தக் காண்ட்ராக்டருக்கு எத்தனை தடவை என்று கேட்க மிச்சம் இருந்தவர்கள் நிருபர்கள் மட்டுமே. அவர்களின் எண்ணிக்கையும் பலமும் குறைந்துகொண்டிருந்த சமயம் அது. மாநகராட்சி தன் பங்குக்கு 2013-லேயே 'சாரதி' என்ற உதவி எண்ணைத் தொடங்கி மக்களிடம் நேராகப் பேசப் பழகியிருந்தது. நல்ல ஏற்பாடுதான். சாக்கடை அடைத்தால் புகார் சொல்லலாம். டெண்டரில் யார் உறவினர் என்று சாரதி சொல்லாது.

நிருபர் இல்லாத இடத்தைக் காலியாக விட்டுவைக்க வாட்ஸ்அப் தயாராக இல்லை. 2018 ஜூலை 1-ம் தேதி இதே மாநிலத்தின் துலே மாவட்டத்தில் ராயின்பாடா கிராமத்தில் ஐந்து பேரைக் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று நினைத்துக் கும்பல் அடித்தே கொன்றது. ஊர் ஊராகச் சென்று யாசகம் கேட்டுப் பிழைக்கும் சமூகத்தவர்கள் அவர்கள். முந்தைய நாட்களில் செல்போன்களில் சுற்றிய வதந்தியே காரணம். அந்த மாதமே வாட்ஸ்அப், ஒரு செய்தியை இந்தியாவில் ஐந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2023 மார்ச்சில் வதந்தி திசை மாறி வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள். பிற மாநிலத்தில் பிழைக்கும் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை இல்லை. பொய்யைப் பொய் என்று நிரூபிக்கப் போலீசும் உண்மை சரிபார்க்கும் பத்திரிகையாளர்களும் ஒவ்வொரு வீடியோவாக எடுத்து, எங்கே, எப்போது நடந்தது என்று தேட வேண்டியிருந்தது. வதந்தி தயாரிக்கச் செலவு இல்லை. மறுப்புக்குச் சம்பளம் வாங்கும் ஆள் தேவைப்படுகிறது.

பங்கு கேட்கும் பத்திரிகைகள்

செய்தி எங்களுடையது, பணம் உங்களுக்கா என்று பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2021 பிப்ரவரியில் இந்திய நியூஸ்பேப்பர் சொசைட்டி கூகுளுக்குக் கடிதம் எழுதியது. விளம்பர வருமானத்தில் 85 சதவீதத்தைப் பத்திரிகைகளுக்குத் தர வேண்டும் என்பது கோரிக்கை. 2022 ஜனவரியில் டிஜிட்டல் செய்தி நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரின் மேல் போட்டி ஆணையம் கூகுள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியா 2021-ல் சட்டமே போட்டுப் பெரிய கம்பெனிகளைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது. அதற்கு முன் ஃபேஸ்புக் அந்த நாட்டில் சில நாள் செய்திகளையே மறைத்து மிரட்டிப் பார்த்தது. கனடா 2023-ல் அதே வழியில் போனபோது மெட்டா பணம் கொடுப்பதற்குப் பதிலாகச் செய்திகளைத் தூக்கிவிட்டது. யாருக்கு யார் அதிகம் தேவை என்ற கேள்விக்கு இரண்டு நாடுகளில் இரண்டு பதில் கிடைத்திருக்கிறது.

இதற்குள் ஆட்டம் மாறிவிட்டது. 2024 ஆகஸ்டில் கூகுள் இந்தியாவில் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு தயாரித்த சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் கீழே இருக்கும் செய்தித் தளத்துக்கு யார் போவார்கள்? அதே நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஓபன்ஏ.ஐ. மீது டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. வாசகரை அனுப்பிவைக்கும் தரகரிடம் பங்கு கேட்டுக்கொண்டிருந்தபோதே, தரகர் வாசகரை அனுப்புவதையே குறைத்துக்கொண்டார்.

மிஞ்சியிருக்கும் வழி வாசகரிடமே காசு கேட்பது. நியூயார்க் டைம்ஸ் 2011-ல் வெப்சைட்டுக்குக் கட்டணம் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று அதன் வருமானத்தின் பெரும் பகுதி சந்தா. இந்தியாவில் 2012-ல் தொடங்கிய நியூஸ்லாண்டரி விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுச் சந்தாவை நம்பியது. ஹிந்து கட்டணம் வைத்திருக்கிறது. தமிழில் விகடன் சந்தா கேட்கிறது. டீ விலைக்கும் கீழே பேப்பர் வாங்கி, பழைய பேப்பரை எடைக்குப் போட்டு அதிலும் காசு பார்த்த வாசகரிடம் செய்திக்குப் பணம் கேட்பது லேசான காரியம் இல்லை. பத்திரிகைகள் தாமே முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்த பாடம் அது: செய்தி என்றால் கிட்டத்தட்ட இலவசம்.

திரையில் மட்டும் வாழும் பத்திரிகைக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் விகடனின் டிஜிட்டல் இதழில் வந்த ஒரு கார்ட்டூனில் பிரதமர் மோடி கைவிலங்குடன் அமெரிக்க அதிபர் அருகில் உட்கார்ந்திருந்தார். சில நாட்களில் விகடன் வெப்சைட்டே பல இடங்களில் திறக்கவில்லை. அந்தக் கார்ட்டூனை மட்டும் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6-ம் தேதி சென்னை ஐகோர்ட் சொன்னது. அச்சிட்டு விற்ற இதழைத் திரும்பப் பிடுங்க வீடு வீடாகப் போலீஸ் போக வேண்டும். வெப்சைட்டை மூட ஒரு உத்தரவு போதும்.

நிக்டியில் இன்றும் பேப்பர் போடுகிறார்கள். பிராதிகரணின் ஓய்வுபெற்ற கம்பெனிக்காரர்கள் இருக்கும் தெருக்களில் அதிகம். தலவடே பக்கம் சாஃப்ட்வேர் ஆட்கள் வசிக்கும் புது அடுக்குமாடிகளில் குறைவு. பேப்பர் கையில் எடுக்கும் பெரியவருக்கும் அதில் உள்ள முக்கால்வாசிச் செய்தி முன் இரவே தெரியும். அவர் திருப்புவது உள்பக்கத்தை. மாநகராட்சி டெண்டர் நோட்டீசுகளும் சில சமயம் அதைப் பற்றி ஒரு நிருபர் எழுதிய பத்து வரியும் அங்கேதான் இன்னும் வருகின்றன. படித்து முடித்ததும் அதைப் போட்டோ எடுத்துச் சொசைட்டி குரூப்பில் போடுகிறார். நாற்பது பேர் பார்க்கிறார்கள். சந்தா கட்டியவர் அவர் ஒருவர்தான்.